நின்றுபோன உலையை யார் சோதிப்பது?

எங்கள் தெருமுனை டீக்கடைக்கு வருவது ஒரே ஒரு பேப்பர். அதைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். கல்பாக்கம் செய்தி இருந்த தாள் போன வாரம் ஒரு சொல்தாவின் கைக்குப் போயிற்று. சொல்தா யாரென்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அந்தப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இவர் துலோன் துறைமுகத்தில் பல வருஷம் இருந்தவர். தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: “ஏம்ப்பா, கல்பாக்கத்துல மொத உலை 2018-லேர்ந்தே ஓடலையாம். ஓடாத உலையில போயி இன்ஸ்பெக்டர் எதைச் சோதிப்பாரு?”

“அவசரம் இல்லைன்னா உக்காருங்கண்ணே, ரெண்டு டீ ஆகும்” என்றேன். அவருக்குச் சொன்னதைத்தான், கொஞ்சம் ஒழுங்குபடுத்தி, இங்கே எழுதுகிறேன்.

எக்ஸ்ரே கருவியின் சுவிட்சை அணைத்தால் கதிர்வீச்சு அந்த நொடியே நின்றுவிடும். புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் பழைய கோபால்ட் கருவி அப்படியல்ல. அதற்குள் கோபால்ட்-60 என்ற உலோகம் இருக்கிறது. அதற்குச் சுவிட்சே கிடையாது. கரண்ட் போனாலும், ஆஸ்பத்திரியையே இழுத்து மூடினாலும், அது பாட்டுக்குக் கதிரை வீசிக்கொண்டுதான் இருக்கும். அணு உலை இந்த இரண்டும் சேர்ந்த பிறவி. கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் அணுப்பிளவு சில நொடிகளில் நின்றுவிடும். ஆனால் பிளந்த அணுக்களின் மிச்சங்கள் சும்மா இருப்பதில்லை. நிறுத்திய கணத்தில் உலையின் முழு வெப்பத்தில் 6 சதவீதத்துக்கு மேல் அவையே தந்துகொண்டிருக்கும். ஒரு நாள் கழித்து அது அரை சதவீதம் அளவுக்கு இறங்கும். 2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கம் வந்ததுமே தாமாக நின்றுவிட்டன. சுனாமி வந்து குளிர்விக்கும் வழிகளைத் துண்டித்த பிறகு அவற்றை உருக்கியது இந்த மிச்ச வெப்பம்தான்.

பிறகு எரிபொருளை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆறவிடுவார்கள். எரிபொருள் வெளியேறிவிட்டால் உலையில் இருந்த கதிரியக்கத்தில் மிகப் பெரும் பங்கு அதோடு போய்விடும். “அப்ப முடிஞ்சுது கதை” என்றார் சொல்தா. பொதுமக்கள் மட்டுமல்ல, நிதி ஒதுக்கும் அதிகாரிகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மிச்சம் இருப்பதைப் பாருங்கள். உலையின் நடுப்பகுதியை ஒட்டியிருந்த எஃகு, வருஷக்கணக்கில் நியூட்ரான் அடி வாங்கித் தானே கதிரியக்கம் கொண்டதாகிவிட்டது. குழாய்களின் உட்சுவரில் படிந்த படலம் இருக்கிறது. கல்பாக்கம் போன்ற கனநீர் உலையில் டிரிட்டியம் இருக்கிறது. சுற்றியுள்ள கான்கிரீட்டின் உள்ளடுக்கும் சுத்தமில்லை. இத்தனையையும் அளந்து, வெட்டி, பிரித்து, பெட்டியில் அடைத்து, இடத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரை நடக்கும் வேலைக்குத்தான் அந்தத் துறையில் டீகமிஷனிங் என்று பெயர்.

கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984 ஜனவரியில் வணிக உற்பத்திக்கு வந்தது. இரண்டாவது 1986 மார்ச்சில். 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா கைவிரித்துவிட, நம்முடைய பொறியாளர்களே கட்டி முடித்த நிலையம். முதல் அலகு 2018 ஜனவரியில் நின்றது. ஆனால் அது “மூடப்பட்டது” என்ற பட்டியலில் வராது. நீண்டகால நிறுத்தம் என்பதுதான் அதன் கணக்கு. ராஜஸ்தான் ராவத்பாட்டாவின் முதல் அலகு 2004-லிருந்தே இப்படி இருக்கிறது. மின்சாரம் தந்த அணு உலை ஒன்றைக்கூட இந்தியா இன்னும் கடைசிவரை பிரித்து முடித்ததில்லை.

இந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் எனக்குக் கவலை தருகிறது. ஓடும் உலைக்கு இயக்க உரிமம், அதற்கான விதிகள், அதற்கான ஆட்கள் உண்டு. நிரந்தரமாக மூடியதற்கு டீகமிஷனிங் அனுமதி என்று வேறொரு விதித்தொகுப்பு உண்டு. நடுவில் தொங்குவதற்கு? அனுபவசாலிகள் ஓய்வு பெறுவார்கள், நல்ல ஆட்கள் ஓடும் அலகுக்கு மாற்றல் வாங்கிப் போவார்கள், உதிரிப்பாகம் வாங்கும் கோப்பு அடியில் போகும். உலையின் நிலை மெதுவாக மாறும்; கவனம் வேகமாக மாறிவிடும். சொல்தாவுக்கு இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெடவில்லை. “நம்ம மேரி கட்டடம் நினைவிருக்கா?” என்றேன். கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம். பழுதுபார்க்க வேண்டும் என்று பேசிப் பேசியே வருஷங்கள் போயின. 2014 நவம்பர் மழையில் ஒரு நாள் அது தானாகவே இடிந்து விழுந்தது. ஆள் புழங்கிய காலமெல்லாம் நின்ற கட்டடம், ஆள் இல்லாமல் காத்திருந்த காலத்தில் விழுந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

இங்கே பிரெஞ்சு சம்பந்தம் ஒன்று இருக்கிறது. கல்பாக்கத்தில் சின்ன உலை ஒன்று உண்டு: அதிவேக ஈனுலைச் சோதனை உலை, எஃப்.பி.டி.ஆர். என்பார்கள். 1969-ல் பிரான்சின் அணுசக்தி ஆணையத்தோடு போட்ட ஒப்பந்தத்தின்படி வந்தது. தெற்கு பிரான்சில் கடராஷ் என்ற இடத்தில் இருந்த ராப்சொடி என்ற உலைதான் அதற்கு மாதிரி. துலோனிலிருந்து கடராஷ் ரொம்ப தூரமில்லை. சொல்தாவுக்குப் பெயர் தெரிந்திருந்தது. நம்முடையது 1985 அக்டோபரில் உயிர்பெற்றது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1983-ல், மூத்த உலையான ராப்சொடி நிறுத்தப்பட்டிருந்தது.

இரண்டிலும் வெப்பத்தைக் கடத்துவது தண்ணீரல்ல, திரவ சோடியம். பள்ளியில் வேதியியல் வாத்தியார் மண்ணெண்ணெய்ப் புட்டியிலிருந்து ஒரு துண்டு சோடியத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டுக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். ஈரம் பட்டால் ஹைட்ரஜன் வரும், சூடு வரும், தீப்பிடிக்கும். ஓடும் காலத்தில் சோடியம் நல்ல வேலைக்காரன். உலையை மூடிய பிறகு அதை என்ன செய்வது என்பதுதான் தலைவலி. சாக்கடையில் கொட்ட முடியாது. கட்டுப்பாடாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு வினைபுரியவைத்துக் காஸ்டிக் சோடாவாக மாற்ற வேண்டும். ராப்சொடியின் முதன்மைச் சுற்றில் இருந்த 37 டன் சோடியத்தை அப்படித்தான் மாற்றினார்கள். அந்தப் பெரிய வேலை விபத்தில்லாமல் முடிந்தது.

விபத்து நடந்தது மிச்சத்தில். ஒரு தொட்டியின் அடியில் வழித்தெடுக்க முடியாத சோடியம் கொஞ்சம் தங்கியிருந்தது. கிலோ கணக்கில்தான், டன் கணக்கில் இல்லை. அதைக் கரைக்க எத்தில்கார்பிட்டால் என்ற கனமான ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். தண்ணீரைவிட ஆல்கஹால் நிதானமாக வினைபுரியும் என்பதுதான் அதைத் தேர்ந்ததன் காரணம். 1994 மார்ச் 31 அன்று தொட்டிக்குள் வாயு பெருகி, அழுத்தம் ஏறி, வெடித்தது. ஒருவர் இறந்தார், நால்வர் காயமடைந்தார்கள். உலை நின்று பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஆளைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல, வேதியியல்.

அந்த நாளை ஒரு இன்ஸ்பெக்டரின் கண்ணால் பார்த்தால் பாடம் தெளிவாகத் தெரியும். ஓடும் உலையில் நேற்றைய தினமும் இன்றைய தினமும் ஏறத்தாழ ஒன்றுதான். முப்பது வருஷமாகத் தேய்த்து எழுதிய நடைமுறைப் புத்தகம் இருக்கிறது; அதன்படி நடக்கிறதா என்று பார்ப்பதே சோதனையில் பெரும் பங்கு. பிரிக்கும் வேலையில் ஒவ்வொரு நாளும் புதுசு. நேற்று இருந்த சுவர் இன்று இல்லை. இன்று செய்யும் வேலையை அந்தத் தொட்டியில் இதற்கு முன் யாரும் செய்ததில்லை, இனிமேல் செய்யப்போவதும் இல்லை. ஆகவே “நடைமுறைப்படி செய்தீர்களா” என்று கேட்டால் போதாது. “இந்த நடைமுறையை எழுதியது யார், எதை வைத்து எழுதினார், தொட்டியின் அடியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்தாரா” என்று கேட்க வேண்டும். கல்பாக்கம் எஃப்.பி.டி.ஆரில் சுமார் 150 டன் சோடியம் இருக்கிறது. பக்கத்தில் எழுந்துள்ள 500 மெகாவாட் ஈனுலையில் ஆயிரம் டன்னுக்கு மேல். ஒரு நாள் அவையும் நிற்கும். அன்றைக்கு அந்தத் தொட்டிகளைக் கழுவப்போகிறவர்களுக்கு ராப்சொடியின் கோப்பு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் கேட்க வேண்டிய இன்னொன்று, எதை முதலில் பிரிக்கிறீர்கள், எதைக் கடைசியில் என்பது. கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றும். ஒரு உலைக் கட்டடத்தில் கிரேன், காற்றோட்டக் குழாய், தீயணைப்புத் தண்ணீர், மின்சாரம் எல்லாம் பாதுகாப்புக்காகத்தான் இருக்கின்றன. ஒரு கட்டத்தில் அவற்றையும் கழற்றியாக வேண்டும். கனமான எஃகை டார்ச்சால் வெட்டும்போது புகை வரும். அந்தப் புகையோடு கதிரியக்கத் தூசி வரும். அதைப் பிடிப்பது காற்றோட்டத்தின் வடிகட்டி. செலவு மிச்சம் என்று காற்றோட்டத்தை ஒரு மாதம் முன்னதாக நிறுத்தினால் தூசி தொழிலாளியின் மூச்சில் போகும். வரிசை தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

நடைமுறையில் இந்தச் சோதனை எப்படி இருக்கும் என்று சொல்தாவுக்கு ஆவல். பெரிய கருவி எதுவும் கற்பனை செய்ய வேண்டாம் என்றேன். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வட்டமான வடிதாள் ஒன்று. கையுறை போட்ட விரலால் அதை அழுத்தி, தரையிலோ குழாயிலோ நூறு சதுர சென்டிமீட்டர், அதாவது உள்ளங்கை அகலம், துடைப்பார்கள். தாளை உறையில் போட்டு, எங்கே துடைத்தது என்று எழுதி, எண்ணும் கருவிக்கடியில் வைப்பார்கள். தாளில் ஒட்டிக்கொண்டு வந்தது எவ்வளவு என்று எண் வரும். ஒட்டாமல் பரப்பிலேயே பதிந்திருப்பது வேறு கணக்கு. கையோடு வருவதுதான் ஆளின் வயிற்றுக்குப் போகக்கூடியது. கழிவுப் பீப்பாய் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: எந்த அறையிலிருந்து எடுத்தது, எடை எவ்வளவு, மேற்பரப்பில் கதிர்வீச்சு எவ்வளவு, தேதி, கையெழுத்து. நல்ல இன்ஸ்பெக்டர் பேரேட்டில் உள்ள பீப்பாய் எண்களில் நாலைந்தைத் தானே பொறுக்கி, “இதைக் காட்டுங்கள்” என்பார். அதிகாரிகள் காட்டுகிற பீப்பாயை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர் டீ குடிக்க வந்தவர்.

தொழிலாளியின் சட்டையில் டி.எல்.டி. என்ற சின்ன அட்டை தொங்கும். அது வாங்கிய கதிர்வீச்சைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் படித்து அவர் பெயரில் பதிவார்கள். இந்திய விதிப்படி கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து 100 மில்லிசீவெர்ட், அதிலும் எந்த ஒரு வருஷத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு வருஷத்துக்கு 1 மில்லிசீவெர்ட்தான். பிரிக்கும் வேலையில் ஒப்பந்தத் தொழிலாளிகள் அதிகம். இன்று இங்கே, அடுத்த வருஷம் வேறு நிலையத்தில். கணக்கு ஆளோடு சேர்ந்து நகர வேண்டும். அதற்காகத் தேசிய அளவில் ஒரு பதிவேடே இருக்கிறது. சோதனையில் இந்தப் பதிவேட்டைத்தான் முதலில் புரட்ட வேண்டும் என்பது என் கருத்து. இரும்பு பொய் சொல்லாது. மேஸ்திரி சில சமயம் சொல்வார், அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ என்று.

கடைசியாக வாசல். உள்ளேயிருந்து எந்த இரும்பு வெளியே போகிறது என்பதை அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதில் உலை எதுவும் இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் கனடாவிலிருந்து 1960-களின் இறுதியில் வாங்கிய காமா கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. உள்ளே கோபால்ட்-60. 1985-க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. கால் நூற்றாண்டு மூலையில் கிடந்தது. 2010 பிப்ரவரியில் மற்ற பழைய சாமான்களோடு ஏலத்தில் போட்டுவிட்டார்கள். மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தவர்களுக்கு உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. கனமாக இருந்தது, பளபளத்தது. சிலர் கை வெந்து, முடி கொட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஏப்ரலில் ஒரு தொழிலாளி இறந்தார். அந்தக் கருவிக்கு இரும்பு வியாபாரி போட்ட விலை அதன் எடைக்கானது மட்டுமே.

ஏலப்பட்டியலைத் தயாரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. கருவியை வாங்கியவர் ஓய்வு பெற்றிருப்பார், அதை அறிந்தவர் அந்த அறைக்கு வந்தே பல வருஷம் ஆகியிருக்கும். அந்தக் கருவி உயிரோடுதான் இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒருமுறை வந்து சொல்ல ஒருவர் இல்லை. நம் ஊரிலும் எக்ஸ்ரே மையச் சுவரில் சட்டம் போட்ட தாள் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் தந்த உரிமம். கருவியை வாங்க, வைக்க மட்டுமல்ல, கைவிடவும் வாரியத்துக்குச் சொல்லியாக வேண்டும். இந்தக் கைவிடும் பகுதியைத்தான் பலரும் மறக்கிறார்கள்.

“சரி, அந்த வாரியம் யாருக்குப் பதில் சொல்லணும்?” சொல்தா விடவில்லை. அவருடைய இரண்டாவது டீ ஆறிக்கொண்டிருந்தது.

வாரியம் 1983 நவம்பரில், 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் கீழ், அரசாணையால் உருவானது. தனிச் சட்டத்தால் அல்ல. அது அறிக்கை கொடுப்பது அணுசக்தி ஆணையத்துக்கு. அந்த ஆணையத்தின் தலைவர்தான் அணுசக்தித் துறையின் செயலாளர். உலைகளை நடத்தும் கழகமும் ஆராய்ச்சி மையங்களும் அதே துறையின் கீழ். சோதிக்கப்படுபவரின் மேலதிகாரியிடமே சோதிப்பவரும் போய் நிற்க வேண்டும். 1993 முதல் 1996 வரை வாரியத்தின் தலைவராக இருந்த ஏ. கோபாலகிருஷ்ணன் பதவியை விட்ட பிறகு இதைத் திரும்பத் திரும்ப எழுதினார், பேசினார். தனி ஆணையம் அமைக்க 2011-ல் கொண்டுவந்த மசோதா அந்த மக்களவையோடு காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம்தான் வாரியத்துக்கு முதன்முறையாகச் சட்டத் தகுதி தருகிறது. தகுதி வந்தால் மட்டும் முதுகெலும்பு வந்துவிடாது. ஆள் நியமனமும் பணமும் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது. 2000-ஆம் ஆண்டில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்கள் வாரியத்தின் பார்வையிலிருந்து எடுக்கப்பட்டன. அவற்றை அந்த மையத்தின் சொந்தப் பாதுகாப்புக் குழுவே பார்க்கிறது. இந்தியாவில் நிரந்தரமாக மூடிய உலைகளில் பேர்பெற்றவை எவை? 1960-ல் தொடங்கி 2010 டிசம்பர் 31-ல் மூடிய சைரஸ்; 1956-ல் ஆசியாவின் முதல் உலைகளில் ஒன்றாக வந்து 2009-ல் நின்ற பழைய அப்சரா. இரண்டும் டிராம்பேயில், அந்த மையத்துக்குள். ஆக, டீகமிஷனிங் பற்றி நாட்டுக்கு இருக்கிற நேரடி அனுபவத்தில் பெரும் பங்கு, நாட்டின் ஒழுங்குமுறை வாரியத்துக்கு வெளியே கிடக்கிறது. கல்பாக்கத்துக்குள்ளும் இதே பிரிவினைதான். மின் உலைகளை வாரியம் பார்க்கும்; எரிந்த எரிபொருளைப் பதப்படுத்தும் ஆலை பாபா மையத்தைச் சேர்ந்தது. 2003 ஜனவரி 21 அன்று அந்த ஆலையில் ஆறு பேர் வருஷ வரம்பைப் பல மடங்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். ஒரே வேலிக்குள் இரண்டு சோதனைக்காரர்கள்; அதில் ஒருவர் வீட்டுக்காரரே.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-ல் இந்த வாரியத்தைப் பற்றி ஒரு அறிக்கை தந்தார். டீகமிஷனிங் கையேடு வெளியிட்டுப் பதின்மூன்று வருஷம் ஆகியும் முப்பது வருஷம் ஓடிய நிலையங்களுக்கும் நின்றுபோனவற்றுக்கும்கூடத் திட்டம் இல்லை என்றது அது. செலவுக்காக நாம் கட்டும் மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 2 பைசா பிடிக்கிறார்கள். 1991-ல் வைத்த விகிதம். நானே பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 220 மெகாவாட் உலை ஒரு நிமிஷம்கூட நிற்காமல் வருஷம் முழுக்க ஓடினால் 193 கோடி யூனிட் தரும். 2 பைசா வீதம் நாலு கோடி ரூபாய்கூடத் தேறாது. முப்பது வருஷம் அப்படி ஓடினாலும் அசல் 115 கோடி. வட்டியும் சேரும், மற்ற உலைகளின் பணமும் ஒரே நிதியில் சேரும், சரிதான். ஆனாலும் இந்த எண்ணைப் பிரான்சின் ஒரு எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

பிரித்தானி பகுதியில் பிரென்னிலிஸ் என்ற ஊரில் கனநீர் உலை ஒன்று இருந்தது. நம்முடையதைவிடச் சின்னது, 70 மெகாவாட். 1967 முதல் 1985 வரை, பதினெட்டு வருஷம்தான் ஓடியது. பிரிக்கும் செலவு 48 கோடி யூரோ ஆகும் என்று அந்நாட்டுக் கணக்குத் தணிக்கை மன்றம் 2005-ல் சொன்னது. இன்றைய ரூபாயில் நாலாயிரம் கோடியைத் தாண்டும். முதலில் போட்ட மதிப்பைவிட இருபது மடங்கு. பிரிக்க அனுமதி தந்த 2006 ஆணையை, பாதிப்பு ஆய்வை மக்கள் முன் வைக்கவில்லை என்ற காரணத்துக்காக அடுத்த வருஷமே உச்ச நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. வேலை வருஷக்கணக்கில் நின்றது. முழுதாகப் பிரிக்க அனுமதி வந்தது 2023-ல். பிரெஞ்சுக்காரர்களைத் தூக்கிவைத்துப் பேச இதில் ஒன்றுமில்லை. செலவிலும் காலத்திலும் அவர்கள் கோட்டைவிட்டார்கள். ஆனால் ஆய்வை ஊருக்குக் காட்டாதது குற்றம் என்று ஒரு நீதிமன்றம் சொன்னது, அரசு கேட்டது. அங்கே உலை உள்ள ஒவ்வொரு இடத்திலும் உள்ளூர் மக்கள் பிரதிநிதிகள், தொழிற்சங்கத்தார், ஆர்வலர்கள் உட்காரும் தகவல் குழு சட்டப்படி உண்டு. ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு ஒழுங்குமுறை அமைப்பு நிலையத்துக்கு எழுதும் கடிதம் இணையத்தில் வெளியாகிறது: எந்தத் தேதியில் போனார்கள், எந்த அறையில் என்ன குறை கண்டார்கள், எப்போதுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று. நம் வாரியத்தின் ஆண்டறிக்கையில் சோதனைகள் தொகுப்பாகத்தான் வருகின்றன.

“அவசரப்படாம அம்பது வருஷம் பூட்டி வச்சா என்ன?” என்றார் சொல்தா. அதுவும் ஒரு வழிதான்; பல நாடுகள் அதைத் தேர்ந்தன. கோபால்ட்-60-ன் அரை ஆயுள் ஐந்தேகால் வருஷம். ஐம்பது வருஷத்தில் அது எழுநூறில் ஒரு பங்காகிவிடும். வெட்டுகிற தொழிலாளிக்கு அவ்வளவுக்கு நல்லது. ஆனால் சீசியம்-137-க்கு அரை ஆயுள் முப்பது வருஷம். ஐம்பது வருஷம் கழித்தும் மூன்றில் ஒரு பங்கு அப்படியே இருக்கும். அதற்குள் உலையை ஓட்டியவர்களில் ஒருவரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். எந்தக் குழாயை எப்போது மாற்றினோம், எந்த மூலையில் எப்போது கசிந்தது என்பதெல்லாம் பாதி காகிதத்திலும் பாதி மனிதர் தலையிலும் இருப்பவை. கல்பாக்கம் கடற்கரையில் இருக்கிறது. உப்புக்காற்று கம்பியைத் தின்னும். 2004 சுனாமி அந்த வளாகத்துக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. காத்திருக்கலாம், ஆனால் காத்திருப்பது ஒரு முடிவாக இருக்க வேண்டும். தேதி போட்டு, பணம் ஒதுக்கி, வருஷா வருஷம் சோதனைக்கு உட்பட்ட முடிவாக. முடிவெடுக்காமல் தள்ளிப்போடுவதைப் பாதுகாப்பான காத்திருப்பு என்று எழுதிக்கொள்ள வாரியம் அனுமதிக்கக் கூடாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் நமக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இங்கிருந்து கேட்க நமக்கு உரிமை உண்டு. பத்து ரூபாய்க் கட்டணத்தில் மத்திய அரசின் தகவல் உரிமை இணையதளம் வழியாகவே வாரியத்துக்கு மனுப்போடலாம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகுக்கு டீகமிஷனிங் திட்டம் ஒப்புதல் பெற்றிருக்கிறதா, எந்தத் தேதியில்? 2018 ஜனவரிக்குப் பிறகு அந்த அலகில் மட்டும் எத்தனை முறை சோதனை நடந்தது, கண்ட குறைகளில் எத்தனை இன்னும் தீரவில்லை? 2 பைசா நிதியில் இதுவரை சேர்ந்த தொகை எவ்வளவு? இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.